ஆலையாருக்கு வழிவிடுங்கள்

மனிதனைக் காலி செய்ய இந்த நாட்டில் ஒரு காகிதம் போதும். கதவில் ஒட்டுவார்கள், தேதி குறிப்பார்கள், தேதி வந்ததும் மண்வாரி இயந்திரம் வாசலில் வந்து நிற்கும். லயத்தில் பிறந்து, பால் வெட்டி, இடுப்பொடிந்து உட்கார்ந்த கிழவிக்கும் இதே மரியாதைதான். ஆலையார் கதவில் அப்படி ஒட்ட முடியுமா? அவர் முதலீட்டாளர். அவர் புகைவிட்டால் வளர்ச்சி. நாம் இருமினால் புகார்; அதுவும் படிவம் நிரப்பி, அலுவலக நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய புகார்.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2012-லேயே சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றங்கள் திறந்துவிட்டோம். அதற்கும் இருபது ஆண்டு முன்னால், தனி நீதிமன்றம் எதுவும் இல்லாத காலத்தில், ஈப்போவில் ஒரு நீதிபதி ஆலையாரைப் பார்த்து ‘மூடு’ என்றே சொன்னார். அந்தக் கதையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா. ஈய லம்பங்களில் மிஞ்சிய கசடிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க ஏசியன் ரேர் எர்த் ஆலை அங்கே வந்தது. ஜப்பானின் மிட்சுபிஷிக்கு அதில் பெரிய பங்கு. பிரித்தெடுத்த சரக்கு கப்பல் ஏறியது. பிரிந்து நின்ற தோரியம் ஊரோடு தங்கியது. கதிர்வீசும் அந்தக் கழிவைப் பாப்பான் என்ற ஊரில் புதைக்கப் பார்த்தார்கள். 1984-ல் ஊரே எழுந்து நின்றது. கழிவு கிளேடாங் மலைப்பக்கம் போனது. இடமாற்றம் என்ற சொல்லுக்கு நம் அதிகாரிகளின் அகராதியில் உள்ள பொருள் இதுதான்: விஷம் அப்படியே இருக்கும், முகவரி மட்டும் மாறும்.

1985-ல் மக்கள் வழக்குப் போட்டார்கள். விசாரணை 1987 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த மாதமே ‘ஓப்பராசி லாலாங்’ வந்தது. லாலாங் என்றால் களை. அந்தக் களையெடுப்பில் புக்கிட் மேராவில் போராடியவர்கள் சிலரையும், அவர்களுக்காக வழக்காடிய மீனாட்சி ராமனையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் 47 நாள் உள்ளே இருந்தார். தோரியத்தால் நாட்டுக்கு ஆபத்தில்லை, தோரியத்தைப் பற்றி வாய் திறந்தவரால்தான் ஆபத்து என்று கண்டுபிடித்தவர்களுக்கு ஏன் இன்னும் யாரும் டத்தோ பட்டம் கொடுக்கவில்லை என்று தெரியவில்லை. ஒருவேளை கொடுத்துவிட்டார்களோ என்னவோ.

1992 ஜூலை 11-ல் நீதிபதி பெ சுவீ சின் தீர்ப்புச் சொன்னார்: 14 நாளில் மூட வேண்டும். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. மூடினால் நிறுவனமும் அதன் 183 தொழிலாளர்களும் சிரமப்படுவார்களாம். தொழிலாளி மீது இத்தனை பாசம் பொங்கி வழிவதை ஆலையை மூடச் சொல்லும் வழக்குகளில் மட்டும்தான் பார்க்கலாம். அவன் சம்பளம் கூட்டிக் கேட்கும்போது அதே பாசம் மருத்துவ விடுப்பில் போய்விடும்.

1993 டிசம்பர் 23-ல் தீர்ப்பே ரத்தானது. ஆலையார் வென்றார். வென்ற கையோடு, 1994 ஜனவரியில், தானாகவே கடையைக் கட்டினார். அதன்பிறகு அந்த இடத்தைத் துப்புரவு செய்ய ஆன செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். மூடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஆலையைக் கழுவ 10 கோடி டாலர்! மூட வேண்டியதாக இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ.

கடல் தாண்டியும் இதே கூத்துதான். தூத்துக்குடி ஸ்டெர்லைட்டை மூடச் சொல்லி 2010 செப்டம்பர் 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மூன்றே நாளில் டில்லியில் தடை வாங்கினார்கள். 2013-ல் 100 கோடி ரூபாய் கட்டிவிட்டுத் தொடர்ந்து நடத்து என்றது உச்ச நீதிமன்றம். 2018 மே மாதம் போலீஸ் சுட்டு 13 பேர் செத்த பிறகுதான் அந்தக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்த பூட்டுக்குப் பதின்மூன்று பிணங்களைச் சாவியாகக் கேட்ட ஊர் அது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருவோம். 2020 செப்டம்பர் 3. ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் ரசாயன நாற்றம். சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தினார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. கோவிட் காலம் வேறு. ‘இருபது விநாடி கை கழுவுங்கள்’ என்று தொலைக்காட்சி நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. கிள்ளானில் நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணி லோரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். ஆற்றில் கழிவை விட்டால் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் அன்றைக்கு இருந்த உச்ச அபராதம் 1 லட்சம் வெள்ளி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டின் தாகத்துக்குப் பத்து சென்கூடத் தேறாது. ரொட்டிச் சானாய்க்கு ஊற்றும் சாம்பாருக்கே அதைவிடக் கூடக் கேட்பார்கள்.

2024-ல் உச்சத்தை 1 கோடி வெள்ளியாக உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் உச்சம் என்பது மாடி. யாரும் ஏறாத மாடியை எத்தனை உயரத்துக்கு வேண்டுமானாலும் கட்டலாம்.

என் தாமானுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. இரவு ஒரு மணிக்கு நெகிழி எரியும் வாடை வரும். தலையணை உறைக்குள் அந்த வாடையோடுதான் பேத்தி தூங்குகிறாள். ஓர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். காலை பதினொரு மணிக்கு வந்தார்கள், மூக்கை உறிஞ்சினார்கள், ‘ஒன்றும் இல்லையே அங்கிள்’ என்று போனார்கள். நாற்றத்துக்கு இரவுப்பணி, மூக்குக்குப் பகல்பணி. இருவரையும் ஒரே நேரத்தில் சந்திக்க வைக்கும் வித்தையை எந்தத் துறையும் இன்னும் கற்கவில்லை.

2018-ல் சீனா குப்பை வாங்குவதை நிறுத்தியதும், உலகத்து நெகிழிக் குப்பை போர்ட் கிள்ளானில் வந்து இறங்கியது. ஜெஞ்சாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் ராத்திரியில் எரித்தன. ஊர் மக்கள் தாங்களே ஆள் திரட்டிக் கணக்கெடுத்துக் கொடுத்த பிறகு அதிகாரம் விழித்தது. பூட்டுப் போட்டார்கள், படம் எடுத்தார்கள். கொஞ்ச நாளில் சுங்கைப் பட்டாணியில் அதே புகை, அதே இருமல். 2019 மே மாதம் 60 கொள்கலன்களில் 3,000 டன்னைத் திருப்பி அனுப்பப்போவதாக அமைச்சர் அறிவித்தார். பணக்கார நாட்டுக் குப்பைக்கு விமான நிலையத்து வி.ஐ.பி. போல வழியனுப்பு விழா. சுங்கைப் பட்டாணிக்குப் போனதை யாரும் திருப்பி அழைக்கவில்லை.

அப்படியானால் ஆலையார் எப்போதுதான் நகர்கிறார்? பிரிக்பீல்ட்ஸைக் கேளுங்கள், பெயரிலேயே பதில் இருக்கிறது. 1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை விழுங்கிய பிறகு, கல் கட்டடம் கட்டச் செங்கல் சூளைகள் புகைந்த இடம் அது. பிறகு ரயில்வே வந்தது, கரி வந்தது, நம் ஆட்கள் வந்தார்கள். இன்றைக்கு அங்கே சூளையும் இல்லை, கரியும் இல்லை. கேஎல் சென்ட்ரலும் வானைத் தொடும் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன. இது எந்த நீதிபதி போட்ட ஆணை? நிலத்தின் விலை போட்ட ஆணை. மேல்முறையீடே கிடையாது. அந்த ஆணை சூளையோடு நிற்கவுமில்லை; ரயில்வே ஊழியர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ வரிசைகளையும் சேர்த்தே பெருக்கித் தள்ளியது. புகையும் மனிதனும் ஒரே துடைப்பத்தில் போனார்கள்.

ஊர் கத்தினாலும் சில சமயம் நகர்வதுண்டு. புச்சோங்கில் குப்பை எரிஉலை கட்டப்போகிறோம் என்றார்கள். புச்சோங்வாசிகள் கத்தினார்கள். சரி என்று செமினி பக்கம் புரோகாவுக்குத் தூக்கினார்கள். நாளுக்கு 1,500 டன் குப்பை, 150 கோடி வெள்ளி திட்டம். புரோகா சின்ன ஊர், சத்தம் வராது என்று நினைத்திருப்பார்கள். நீதிமன்றப் படியேறினார்கள் புரோகா மக்கள், ஆண்டுக்கணக்கில் இறங்கவில்லை. 2007-ல் திட்டமே கைவிடப்பட்டது. அந்த ஊருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் கோலாலம்பூர் குப்பை எங்கேயாவது போயாக வேண்டுமே. ஜின்ஜாங் பக்கம் தாமான் பெரிங்கினில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நகரம் அதை நெருங்கி மூக்கைப் பிடித்தது. குப்பை உலு சிலாங்கூரில் புக்கிட் தாகாருக்கு மாறியது. புக்கிட் தாகார் என்றால் நம் பழைய தோட்டம். அதையும் நைஜல் கார்ட்னர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி தோட்டங்களையும் சேர்த்து ஐந்து தோட்டத்துத் தொழிலாளர்கள் வீடு கேட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேல் மனுவும் கையுமாக நடந்தார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வாக்குறுதி, ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஓர் அடிக்கல். குப்பைக்கு மனு எழுதும் வேலையே இருக்கவில்லை. 700 ஏக்கர் கிடைத்தது. பக்கத்தில் யாருக்கும் நாறக்கூடாது என்று அதைச் சுற்றி இன்னொரு 1,000 ஏக்கர் சும்மா விட்டார்கள்.

245 குடும்பங்களுக்குக் கடைசியில் ஒதுக்கிய நிலம் 20 ஏக்கர்.