தூண்டிலில் ஒரு பொடி

கேள்வி: சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீனுக்குத் தூண்டில் போடுகிறார்களாமே, இதில் என்ன வீரம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வீரம் வேண்டாம், நல்ல கண் வேண்டும்! ஜப்பானில் ‘தனாகோ’ என்ற குட்டி மீனுக்கென்றே தனித் தூண்டில் உண்டு. முள் அரிசிமணியைவிடச் சிறியது; இரை, முட்டையின் மஞ்சள்கருவில் பிசைந்த மாவு. பிடித்த மீன் நாணயத்துக்குள் அடங்கினால் அங்கே பெருமை. நம் ஆட்களோ ஒரு கிலோ விராலை டீக்கடைக்கு வருவதற்குள் மூன்று கிலோ ஆக்கிவிடுவார்கள்.

உங்கள் ஊர் வாய்க்காலிலேயே ஆரம்பிக்கலாம். இரைக்கு மண்புழுவின் நுனி போதும். சிக்கியதைத் தண்ணீரோடு கண்ணாடி டப்பாவில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். தட்டையான உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மினுங்கினால், நீர்ப்பரப்பை ஒட்டியே திரிந்து கொசுப்புழு தின்னும் நம் நாட்டு மீன். பொட்டு இல்லாமல், வயிறு பருத்திருந்தால் கம்பூசியாவாக இருக்கலாம். கொசுவை ஒழிக்கக் கூட்டிவந்த அமெரிக்க விருந்தாளி, இன்னும் ஊர் திரும்பவில்லை. வாயைச் சுற்றி மீசை, கண்ணுக்குக் கீழே மடக்குமுள் என்றால் சாட்சாத் அயிரை.

பார்த்ததும், கையை நனைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப விட்டுவிடுங்கள். குழம்புதான் நோக்கம் என்றால் தூண்டிலை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.