மூக்குடைந்ததோடு முடிந்த சண்டை

'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரை நான் பார்க்க உட்கார்ந்தது அறிவியலுக்காக இல்லை, சண்டைக்காக.

கதையின் முடிச்சு அப்படி. ஒரு சமாதான ஒப்பந்தத்தில் தங்கள் கிரகங்களை எதிரிக்குத் தாரைவார்த்துவிட்டார்களே என்று கொதித்து ஆயுதம் தூக்கியவர்கள் மாக்கீ கூட்டம். அவர்களில் சக்கோட்டே என்பவரைப் பிடிக்கக் கிளம்புகிறது கேப்டன் ஜேன்வேயின் கப்பல். இடையில் ஏதோ ஒரு சக்தி இரண்டு கப்பலையும் அள்ளி 70,000 ஒளியாண்டுக்கு அப்பால் வீசிவிடுகிறது. மாக்கீ கப்பல் நொறுங்கிப் போக, போலீஸும் திருடனும் ஒரே வண்டியில் ஊர் திரும்ப வேண்டும். பயண நேரம் 75 வருடம். போதாததற்குத் திருடனே துணைக் கேப்டன். அவன் கூட்டத்தில் ஒற்றனாக இருந்த டூவாக்தான் பாதுகாப்பு அதிகாரி. ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தாலும் இலை கிழியும் என்று காத்திருந்தேன்.

இந்த ஆவலுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியிருந்தது. எங்கள் ஐடி கார்டு நாடா நீலம், அவர்களுடையது சிவப்பு. முதல் நாள் மேடையில் 'இனி நாம் ஒரே குடும்பம்' என்றார்கள். சொன்னவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. மறுநாளே பேன்ட்ரியில் சர்க்கரை டப்பா இரண்டானது. ஏசியை நாங்கள் 22இல் வைப்போம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது 26 ஆகியிருக்கும்.

வாயேஜரிலும் நாடாச் சிக்கல் உண்டு. முறையான அதிகாரிகளுக்குக் காலரில் வட்டப் பொட்டு. மாக்கீகளுக்குத் தற்காலிகப் பதவி என்று தனிப் பட்டை. அந்தத் தற்காலிகம் ஏழு சீசனும் அவர்கள் கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை. அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு இது விளங்கும்.

ஆரம்பம் அமர்க்களம்தான். தலைமை இன்ஜினியர் நாற்காலிக்குப் போட்டி. மாக்கீ பெண் டொரெஸ் விட்ட குத்தில் லெஃப்டினன்ட் கேரியின் மூக்கு மூன்று இடத்தில் உடைகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்துக்குள் பதவி அவளுக்கே போகிறது. மூக்குடைந்தவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறார்! எங்கள் ஆபீசில் பார்க்கிங் இடத்தை இழந்த ஒருவர் எட்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. கேரியை முதல் சீசனுக்குப் பிறகு பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஏழாவது சீசனில் வந்தார், செத்துப்போனார்.

அதே முதல் சீசனின் கடைசியில், முரண்டு பிடிக்கும் மாக்கீகள் நாலு பேரை டூவாக் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார். சரி, வெடிக்கப் போகிறது என்று நினைத்தால், கப்பலுக்குக் காய்ச்சல் வருகிறது. சமையல்காரர் நீலிக்ஸ் செய்த பாலாடைக்கட்டியிலிருந்து கிருமி பரவிவிட்டதாம். அத்தனை பேரும் கட்டியைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

காரணம் பழையது. ஸ்டார் ட்ரெக்கைப் படைத்த ஜீன் ராடன்பெரி 1991இல் இறந்துவிட்டார். எதிர்கால மனிதர்கள் தங்களுக்குள் அற்பச் சண்டை போட மாட்டார்கள் என்ற அவர் கொள்கை மட்டும் இறக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் மாக்கீகளையே கண்டுபிடித்தார்கள்: வெளியாள் வந்தால் சண்டை போடலாமே! வரவழைத்து, சீருடை மாட்டி, உள்ளாளாக்கிவிட்டார்கள்.

இந்தக் குற்றத்தை அவர்களே ஒருமுறை ஒப்புக்கொண்டார்கள். 1997இல் வந்த கதை. மாக்கீகள் கலகம் செய்தால் எப்படிச் சமாளிப்பது என்று டூவாக் ஒரு பயிற்சி நாடகம் எழுதி, தேவையில்லை என்று பாதியில் விட்டிருக்கிறார். ஆளே உள்ளே புகுந்து நடிக்கும் வகை நாடகம். டொரெஸ் அதைக் கண்டெடுக்க, கப்பலே அதில் விழுந்துவிடுகிறது. மீதிக் கதை எங்கே, மீதிக் கதை எங்கே என்று டூவாக்குக்கு நச்சரிப்பு. வராத சண்டைக்கு ஏங்கியவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. அந்தக் கப்பலில் இருந்தவர்களும்தான்.

ஆறாவது சீசனில் எழுத்தாளர் குழுவுக்கு வந்த ரொனால்ட் டி. மூர் சில வாரங்களிலேயே கிளம்பிவிட்டார். பின்னால் அவர் எடுத்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் என் பாக்கி வட்டியோடு வந்துசேர்ந்தது. தளபதிக்கும் அதிபருக்கும் ஆகாது, துணைத் தளபதிக்கும் விமானிக்கும் ஆகாது. 2009இல் வந்த பகுதிகளில், கேட்டா என்ற அதிகாரி, அதுவரை கணக்கும் வரைபடமுமாக இருந்த மனுஷன், கப்பலையே கைப்பற்றுகிறார். கடைசியில் அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் அட்டென்டன்ஸ் பார்ப்பவரும் அதிர்ந்து பேசாத ஆள். மறுநாளிலிருந்து நானாகவே முந்திக்கொண்டு அவருக்கு வணக்கம் வைக்கிறேன்.

போன மாதம் எல்லோருக்கும் ஒரே பச்சை நாடா கொடுத்துப் பழையதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டோம். நீலம் ஒரு சர்க்கரை டப்பாவின் கழுத்தில் கட்டியிருக்கிறது, சிவப்பு இன்னொன்றில்.