டீக்கடைக்காரரும் அசரீரியும்

எங்கள் பெரியப்பா சிவகங்கைப் பக்கம் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டியவர். தெரியாத ஊருக்கு சவாரி கிடைத்தால், ஒரு டீக்கடை பார்த்து வண்டியை நிறுத்துவார். முதலில் டீ சொல்வார். பாதி கிளாஸ் காலியான பிறகுதான், "அண்ணே, மேலப்பட்டிக்கு எப்படிப் போறது?" என்று ஆரம்பிப்பார். டீ குடிக்காமல் வழி கேட்பதை ஓசியில் வாங்கித் தின்பதாகவே அவர் கருதினார்.

கேள்வி விழுந்ததும் கடை முழுக்கக் கூடிவிடும். "எந்த மேலப்பட்டி?" என்பார் ஒருவர். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "யாரு வீட்டுக்கு?" என்பார். யார் வீடு என்று சொல்லிவிட்டால் வழி வருவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பங்காளித் தகராறு வரும். அதற்கப்புறம்தான் வழி. "நேரா போங்க. ஒரு புளியமரம் வரும். அங்க திரும்பிராதீங்க." திரும்ப வேண்டிய இடத்தைவிடத் திரும்பக் கூடாத இடங்களைத்தான் அதிகம் சொல்வார்கள். "முன்னாடி ரைஸ் மில் இருந்துச்சுல்ல, அங்கன பீச்சாங்கைப் பக்கம் வாங்க." ரைஸ் மில்லை இடித்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். முதல்முறை வருகிறவன் அதை எங்கே பார்த்தான் என்று யாரும் யோசிப்பதில்லை. எவ்வளவு தூரம் என்றால், "இந்தா, கூப்பிடு தூரம்." அந்தக் கூப்பிடு தூரத்துக்குக் கால் டேங்க் டீசல் போய்விடும்.

ஆகவே அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 'தெரியாது' என்ற பதில் எங்கள் பக்கத்தில் யார் வாயிலிருந்தும் வராது. கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பினால் மரியாதையில்லை என்று, தவறான வழியையாவது கொடுத்தனுப்புவார்கள். பெரியப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் இரண்டு மைலுக்கு ஒருதரம் ஓரங்கட்டி மறுபடி கேட்பார். இரண்டு பேர் ஒரே வழியைச் சொன்னால் ஸ்டீயரிங்கைத் திருப்புவார். ஆளுக்கு ஒன்று சொன்னால் இன்னொரு டீ.

இப்போது அந்த அலைச்சலெல்லாம் இல்லை. காரில் ஏறியதும், "மேப் போட்டுட்டேன் பெரியப்பா" என்கிறான் தம்பி மகன். (இப்போது பெரியப்பா நான்.) டேஷ்போர்டிலிருந்து ஒரு பெண் குரல் பேச ஆரம்பிக்கிறது. கம்சனிடம் அசரீரி ஒரே ஒருதரம் பேசிவிட்டு ஓய்ந்தது. இது முந்நூறு மீட்டருக்கு ஒருதரம் பேசுகிறது. தப்பாகத் திரும்பினால் திட்டாது, முகம் சுளிக்காது, உடனே வேறு வழி போட்டுக் கொடுக்கும். குடும்பத்தில் யாருக்கும் இந்தப் பொறுமை கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் முன்பெல்லாம் பஸ் நம்பரும் இறங்க வேண்டிய ஸ்டாப்பும் போட்டிருப்பார்கள். இப்போது அங்கே ஒரு க்யூஆர் கோடு. நடுராத்திரியில் மழைக்குள் ஆஸ்பத்திரி தேடுகிறவனுக்கு இது எத்தனை பெரிய உதவி என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் குலதெய்வத்திடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். அசரீரி சொன்னபடியே சீமைக்கருவேலங்காட்டுக்குள் நுழைந்து, ஒரு கண்மாய்க் கரையில் வண்டி நின்றது. நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றது குரல். வந்திருந்தோம்தான். அய்யனாரின் மண்குதிரைகள் கண்ணுக்குத் தெரிந்தன, தண்ணீருக்கு அந்தப் பக்கம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கார்ல வர்றவுக எல்லாரும் இங்கனதான் வந்து நிக்கிறீக. அப்படியே கரையச் சுத்தி, மடையத் தாண்டி வரணும்யா" என்றார். "மேப்புல இதுதான் வருது" என்றான் தம்பி மகன். "அதுக்கு நீந்தத் தெரியும்போல" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு லேசுப்பட்டதல்ல. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்துகொண்டு சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் நம் போன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. மேலே உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்தி ஓடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்கை வைத்து அதைச் சரிக்கட்டாவிட்டால், ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து, 100 மீட்டர் வரை தள்ளிக் காட்ட வைத்தது. எங்கள் டீக்கடைகளில் அதே சேவை ராணுவச் செலவில்லாமல் நடந்துவந்தது.

இவ்வளவு பாடுபட்டும் செயற்கைக்கோள் சொல்வது ஒன்றே ஒன்று: நீ இங்கே இருக்கிறாய். எந்தப் பக்கம் போவது என்பதைச் சொல்வது வரைபடம். அது என்றோ யாரோ பதிந்தது. சேர வேண்டிய இடத்துக்கு முறையான பாதை பதிவாகியிருக்காவிட்டால், பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு பாதையின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். நடுவில் கண்மாய் இருந்தால் அது அய்யனாரின் பொறுப்பு.

இந்தக் கூத்து நமக்கு மட்டும் உரியதுமில்லை. 2009-இல் ஸ்வீடன் நாட்டுத் தம்பதி இத்தாலியில் காப்ரி தீவுக்குக் கிளம்பி, வழிகாட்டிக் கருவியில் எழுத்து இடம் மாறியதால், வடக்கே கார்ப்பி என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சுற்றுலா அலுவலகத்தில், காப்ரியின் புகழ்பெற்ற நீலக் குகை எங்கே என்று விசாரித்திருக்கிறார்கள். தீவுக்குப் போகும் வழியில் கடலே வரவில்லையே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரே மாவட்டத்துக்குள் பல புதூர்களை வைத்திருக்கும் நாம் சிரிப்பதற்கில்லை.

சென்னைக் கத்திப்பாராவில் மேம்பாலத்தின் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று போன் பல சமயம் குழம்பும். பக்கத்திலேயே பரங்கிமலை. 1802-இல் வில்லியம் லாம்டன் அந்த மலையடிவாரத்திலிருந்து ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்துதான் இந்தியாவின் மாபெரும் நிலஅளவையைத் தொடங்கினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானி மோதி நசுங்கியது. மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மேற்கொண்டு அளந்தார். கருவி சொல்வதைச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதுவரை சிரித்தாயிற்று. 2024 ஜனவரியில் கூடலூரில், குறுக்கு வழி என்று மேப் காட்டியதை நம்பிய சுற்றுலாக்காரர்களின் கார் குடியிருப்புப் படிக்கட்டில் இறங்கி நின்றது. ஊர்க்காரர்களும் போலீஸாரும் சேர்ந்து மீட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, 2023 அக்டோபர் தொடக்கத்தில், கொச்சி அருகே கொட்டும் மழையில் கார் பெரியாற்றுக்குள் இறங்கி இளம் டாக்டர்கள் இருவர் இறந்தார்கள். போன் காட்டிய வழியில் வந்ததாகவே அப்போது சொல்லப்பட்டது. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, ராம்கங்கா ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்பே கொண்டுபோயிருந்தது. மேப்புக்கு அது தெரியாது. குறுக்கே சரியான தடுப்பும் இல்லை. கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் பாலம் உடைந்தால் முதலில் பார்த்த லாரிக்காரர் ஒரு மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போட்டுவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அதைத் தாண்ட மாட்டார். தடுப்பு வைக்க வேண்டியவர்கள் வைக்காததற்குப் போனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஓட்டுகிறவன் கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையைப் பார்ப்பதற்கு எந்த அதிகாரியும் பொறுப்பில்லை.

அப்போதும் வழி தவறினோம், இப்போதும் தவறுகிறோம். பெரியப்பா யாரையும் முழுதாக நம்பாததால், இரண்டு மைலில் தவறு தெரிந்துவிடும். அசரீரியோ சரியான வழியையும் ஆற்றுக்குள் போகும் வழியையும் ஒரே குரலில் சொல்கிறது. அதன் குரலில் தயக்கம் இல்லை என்பதாலேயே நமக்கும் தயக்கம் வருவதில்லை. டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்தால், அவருக்கே சரியாகத் தெரியவில்லை என்று நமக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே மேப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருட்டிலும் மழையிலும் தார் ரோடு முடிந்து மண் பாதை ஆரம்பித்தால் வண்டியை நிறுத்துங்கள். ரோட்டின் மேல் தண்ணீர் ஓடினால் அது எவ்வளவு ஆழம் என்று போனுக்குத் தெரியாது. உள்ளே விடாதீர்கள். எதிரே யாராவது வந்தால் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, இந்தப் பக்கம் கார் போகுமா?" என்று கேளுங்கள். அவரும் தவறாகச் சொல்லலாம். அதனால் அடுத்தவரிடமும் கேளுங்கள்.