ஐயம் திரிபறத் தும்முதல்

ஆடிக்காற்று கொள்ளிடத்து மணலையும் தரிசுகளில் மண்டிய பார்த்தீனியத்தின் பூந்தாதையும் ஒருங்கே வாரிக்கொண்டு திருவரங்கத் தீவுக்குள் புகும் நாள்களில், தும்முபவர் ஒருவராகவும் மருத்துவர் ஊராராகவும் அமைந்துவிடுவது வழக்கமே எனினும், சென்ற வாரம் அவ்வழக்கம் எல்லை கடந்துவிட்டமையே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுதல். எந்த மருந்து உண்மையில் கேட்கும் என்பது இறுதியில் நிறுவப்படும்.

தீங்கில்லாத துகளைப் பகையென்று மயங்கி, ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிட்டு உடல் தன் மூக்கோடு தானே போர்தொடுக்கும் ஒவ்வாமைக்கு, வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906இல்தான் 'அலர்ஜி' என்று பெயரிட்டார். சித்த மருத்துவமோ மூக்கடைப்பையும் நீர்வடிதலையும் பீனிசம் என வகுத்து, வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களுள் ஐயத்தோடு, அதாவது கபத்தோடு, சேர்த்துப் பேசியது. இச்சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். ஐயம் என்பதற்குச் சளி ஒரு பொருள்; சந்தேகம் மற்றொன்று; இரப்போர்க்கு இடும் பிச்சை மூன்றாவது. முதலாவது தும்முபவரின் மூக்கிலும் இரண்டாவது அவர் மனத்திலும் தங்க, மூன்றாவது கேளாமலே வீதிதோறும் வந்து விழுகிறது.

உத்திர வீதியில் தும்மினால் தூதுவளைத் துவையல் விதிக்கப்படும். சித்திரை வீதியை அடைவதற்குள் தூதுவளை சூடு என்று அது தள்ளப்பட்டு, கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சாறு முன்மொழியப்படும். அடையவளஞ்சான் வீதியில் திரிகடுகம், அதாவது சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம எடையில் இடித்த சூரணம், தேனில் குழைத்துண்ணுமாறு பணிக்கப்படும். தேன் அசலா என வினவியவருக்கு அசல் கொல்லிமலைத் தேன் விற்கும் மைத்துனரின் கைப்பேசி எண்ணும் கிட்டும். ராஜகோபுரத்தைத் தாண்டினால் நொச்சியிலை ஆவி. அம்மா மண்டபத்தில் அணுதைலம், மூக்கிற்கு இரு துளி. பேருந்தில் ஏறினால் விரலிமஞ்சளைச் சுட்டு அதன் புகையை முகருமாறு நடத்துநர் கூறுவார், பாக்கிச் சில்லறையை மட்டும் மறந்துவிடுவார். மலைக்கோட்டை உச்சிக்கு ஏறித் தப்ப முயன்றவரிடம், படியில் அமர்ந்த பெரியவர் ஆடாதோடைக் குடிநீரை வற்புறுத்துவார். இந்த ஒன்று வெறும் வாய்ச்சொல் அன்று. ஆடாதோடையின் வாசிசின் என்னும் சேர்மத்தை ஒட்டியே புரோம்ஹெக்சின் என்னும் மருந்து உருவானது. ஆயினும் அது சளியை இளக்குவதேயன்றிப் பூந்தாதோடு சமாதானம் செய்துவைப்பதன்று. இவற்றினிடையே தும்மலுக்குத் தும்மல் 'தீர்க்காயுசு' என வாழ்த்தப்படுவதும் உண்டு. அந்த ஆயுள் முழுவதையும் தும்மியே கழிக்க வேண்டும் என்பதை வாழ்த்துவோர் எண்ணுவதில்லை.

மருந்துகள் பலவாயினும் பத்தியம், அதாவது மருந்துண்ணும் காலத்து உணவு விலக்கு, ஒன்றே: தயிர் ஆகாது. தயிர்சாதத்தை விலக்கியபின் திருவரங்கத்தில் குடியிருப்பதற்கு வேறு என்ன காரணம் எஞ்சும் என்பது தனி ஆய்வுக்குரியது. தும்மல் நின்றால் மருந்தின் வெற்றி, நில்லாவிடில் தயிரின் குற்றம் என்னும் இவ்வேற்பாட்டில் எந்த மருந்தும் ஒருகாலும் தோற்றதில்லை.

ஹொய்சளர் காலத்தில் திருவரங்கக் கோயிலில் எழுந்து பின்னர்ச் சிதைந்த ஆரோக்கியசாலையை, அதாவது மருத்துவமனையை, கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்தமையை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு குறிக்கிறது. மருத்துவர்கள் நோயாளியை வீதிவீதியாகத் துரத்தியதாக அதில் குறிப்பில்லை.

இனி, எந்த மருந்து கேட்கும் என்னும் வினா. மேற்கண்ட யாவற்றையும் முறைப்படி உட்கொண்டவராதலின், விடை கூறும் தகுதி கட்டுரையாசிரியருக்கு உண்டு. ஆயினும் நேற்றிரவு அவர் இலையில் இரு கரண்டித் தயிர் விழுந்ததை எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டமையால், அவரது சான்று எவ்வீதியிலும் செல்லுபடியாகாது.