ஐந்தரை மணி நேரத்தை விழுங்கிய ஐயாமார்கள்

மின்னஞ்சலின் தலைப்பில் தேதிக்கென்று ஒரு வரி உண்டு. கிழமை, தேதி, மாதம், ஆண்டு, மணி; கடைசியில் கிரீன்விச் நேரத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். இந்தியாவுக்கு +0530. இந்த ஒற்றை வரியைப் பிழையில்லாமல் எழுத நம் மென்பொருள் மேதைகளில் பலருக்கு இன்னும் கை வரவில்லை.

விதி எழுதிய புண்ணியவான்களிடமிருந்தே தொடங்கலாம். 1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் விதி, ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதும் என்றது. நூற்றாண்டு முடிய பதினெட்டே ஆண்டுகள் இருந்தன! அமெரிக்க நேரங்களுக்கு ஈஎஸ்டி, பிஎஸ்டி என்று செல்லப் பெயர்கள் கொடுத்தார்கள். கிரீன்விச் தவிர மற்றவர்கள் எண் எழுதிக்கொள்ளட்டும். ராணுவத்தின் ஒற்றை எழுத்துக் குறிகளில் கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் போட்டுவிட்டு, பிற்பாடு அவற்றை நம்பவேண்டாம் என்றார்கள். 2000 பிறந்ததும், 1900-ஐக் கழித்து வைத்திருந்த நிரல்கள் ஆண்டை ‘100’ என்று எழுதின. 2001-இல் வந்த ஆர்எஃப்சி 2822 என்ன செய்தது? மூன்று இலக்கத்தைக் கண்டால் 1900-ஐக் கூட்டிக்கொள் என்றது. புறம்போக்கை வளைத்தவனுக்கே பட்டா!

இனி நம்மவர்கள். பைத்தான் நிரல்மொழியில் இந்த வேலைக்கென்றே ‘ஃபார்மேட்டேட்’ என்ற செயற்கூறு இருக்கிறது. ஒரு வரி போதும். நம் ஆள் அதைத் தொடமாட்டார். தேதியைத் துண்டு துண்டாக வெட்டித் தன் கையால் ஒட்டுவார். சர்வரின் மொழியைத் தமிழாக்கினால் கிழமை தமிழில் வந்து விழும். தமிழ் வாழ்க என்று கைதட்ட முடியாது. விதிக்கு ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே செல்லும். +0530-ஐ நிரலில் கல்வெட்டாகச் செதுக்குகிறவர் இன்னொரு ரகம். இலங்கை 1996-இல் இரண்டு முறையும் 2006-இல் மறுபடியும் நேரத்தை மாற்றியது. கல்வெட்டு எந்த நேரத்தைச் சொல்லியிருக்கும்?

எல்லோருக்கும் மேலே இருப்பவர், எண்ணுக்குப் பதில் ‘ஐஎஸ்டி’ என்று எழுதுகிற தேசபக்தர். அந்தப் பெயருக்கு இஸ்ரேலும் அயர்லாந்தும்கூட உரிமை கொண்டாடுகின்றன. பட்டியலில் இல்லாத பெயரைப் பூஜ்யமாகவே கொள்ளச் சொல்கிறது விதி. ஐந்தரை மணி நேரம் அங்கே காணாமல் போகிறது.

யாருக்கு நஷ்டம்? விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் மாலை 5 மணி என்று வையுங்கள். ஒரு பெண் 4.55-க்கு அலுவலகத்தின் இணையப் படிவத்தில் அனுப்புகிறாள். அதே அலுவலகத்தின் மென்பொருள், மடலில் ‘16:55 ஐஎஸ்டி’ என்று எழுதுகிறது. அதிகாரியின் திரையில் இரவு 10.25. “காலதாமதம், நிராகரிக்கப்பட்டது.” மடலை வழியில் வாங்கிய ஒவ்வொரு சர்வரும் தன் நேரத்தைத் தனியாகப் பதிந்திருக்கிறது, அதே தலைப்பில் மேலே பார்த்தால் தெரியும். பார்ப்பதற்கு அவருக்கு நேரமில்லை. மேல்முறையீடு செய்தால் ‘சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது’ என்பார்கள். அந்தச் சிஸ்டத்தை எழுதியவருக்கு பில் மட்டும் குறித்த தேதியில் பாஸாகிவிடும்; அந்தத் தேதியில் யாரும் தவறுவதில்லை.

டெண்டர் எழுதும் பெருமக்களே, அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேருங்கள்: சர்வரை வேறு நேர மண்டலத்துக்கும் வேறு மொழிக்கும் மாற்றிவைத்து ஒரு மடல் அனுப்பிக் காட்டவேண்டும். தேதி தப்பினால் பணம் கிடையாது.