வெள்ளிக்கிழமை புஷ் பண்ணலாமா?

கே: நான் ஒரே ஆள். ஃபைனல், ஃபைனல்2, ரியல்ஃபைனல் என்று ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறேன். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் எனக்கு எதற்கு?

ப: ஒரே ஆளுக்குத்தான் ரொம்பத் தேவை. போன தீபாவளிக்கு அந்த வரியை ஏன் மாற்றினீர்கள் என்று சொல்ல உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் 1972-லேயே இந்தத் தலைவலிக்கு எஸ்.சி.சி.எஸ். என்ற மென்பொருளை எழுதிவிட்டார். மருந்து அரை நூற்றாண்டாகக் கடையில் இருக்கிறது, ஐயா!

கே: கிட் எப்படிப் பிறந்தது?

ப: லினக்ஸ் குழுவுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த, இதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர் மென்பொருள் 2005-ல் கைவிட்டுப் போனது. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரலில் எழுத உட்கார்ந்தார்; சில நாளிலேயே கிட் தன் நிரலைத் தானே காத்துக்கொண்டது. கதவடைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு!

கே: எஃப்.டி.பி.யில் நானே ஏற்றிவிடுகிறேன். தானாக நடக்கும் டிப்ளாய் வேண்டுமா?

ப: கை மறக்கும். 2012-ல் அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல், எட்டு சர்வர்களில் கையால் புது நிரலை ஏற்றியது. ஒன்று விட்டுப்போனது. ஆகஸ்ட் 1 காலை, அந்த ஒன்றில் வருஷக்கணக்காகத் தூங்கிய பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களை வாரி இறைத்தது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலர் காலி. ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த விதியே அங்கே இல்லை.

எட்டுக்கு ஏழு என்றால் 87.5 மார்க். பரீட்சையில் டிஸ்டிங்ஷன், சர்வரில் ஃபெயில்.

கே: சின்ன சைட்டுக்கு ஜென்கின்ஸ் போன்ற பெரிய டிப்ளாய் கருவி அளவுக்குப் போக வேண்டுமா?

ப: வேண்டாம். சர்வரில் ஒரு பேர் (bare) ரெப்போ, அதாவது சரித்திரம் மட்டும் இருக்கும் கிட் கிடங்கு; புஷ் வந்து சேர்ந்ததும் தானாக ஓடும் அதன் போஸ்ட்-ரிசீவ் ஹூக்கில் செக்அவுட்டுக்கு ஒரு வரி. புஷ் செய்தால் சைட் மாறும். ரெப்போவை மட்டும் வெப் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சரித்திரத்தை ஊரே படிக்கும்.

கே: டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தெரியாமல் கமிட் செய்து, அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டேன். தப்பித்தேனா?

ப: இல்லை. மறக்கக்கூடாது என்றுதானே கிட்டை வைத்தீர்கள்? அது மறக்கவில்லை. இந்தப் பதிலை மூடிவிட்டு முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கே: கிட்ஹப்பில் எல்லாம் இருக்கிறது. பேக்கப் தேவையில்லைதானே?

ப: நிரல் இருக்கிறது. வாடிக்கையாளர் ஆர்டர்கள்? 2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப் போன்ற சேவையான கிட்லேபில் ஊழியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தார். பேக்கப் வழிகள் ஐந்து. ஒன்றும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல்தான் காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்களே, அந்த நேர்மைக்கு என் சல்யூட்!

கே: வெள்ளிக்கிழமை சாயங்காலம் புஷ் பண்ணலாமா?

ப: தப்பான மாற்றத்தை ரிவர்ட் செய்து பழகியவரா? தாராளமாக. இல்லையென்றால் சனிக்கிழமைக்கு சினிமா டிக்கெட் எடுக்காதீர்கள்.