தில்லை வட்டாரத்து நோட்ஸ் மரபு: ஒரு முதற்கட்ட ஆய்வு

குறிப்பெடுக்கும் கலையைக் கார்னெல் பல்கலைக்கழகத்து வால்டர் பாக்கிடமிருந்து தொடங்குவது மேலைநாட்டார் வழக்கம். இது ஏற்கத்தக்கதன்று. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லத் திருவாசகத்தை ஏட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டவர் தில்லைக் கூத்தனே என்பது சைவ மரபு. ஆக, டிக்டேஷன் பிறந்த ஊர் சிதம்பரம். அவ்வூர்க் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகள் செல்லரித்துப்போக, மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி மீட்டார் என்பார்கள். ஜெராக்ஸ் எடுத்து வைக்காததன் விளைவுக்கு இதைவிடப் பழைய சான்று இல்லை.

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்த பிறகு இம்மரபு வலுப்பட்டது. கடலூரில் தேவனாம்பட்டினத்துப் பெரியார் கலைக் கல்லூரி வரை இதன் எல்லை. இவ்வட்டாரத்து மாணாக்கர் மூவகையர்: எழுதுவோர், படம் பிடிப்போர், வாங்குவோர். படம் பிடிப்போரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போர்டில் டியூப்லைட் வெளிச்சம், முன் பெஞ்சுக்காரன் பின்மண்டை, பாதிச் சூத்திரம். அதைப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதுமில்லை.

2014இல் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு, லேப்டாப்காரர் சொன்னதை அப்படியே அடிக்கிறார், கையால் எழுதுபவர் சுருக்குகிறார், அதனால் விஷயம் நன்றாகப் புரிகிறது என்றது. கமா, ஃபுல்ஸ்டாப் உட்பட டிக்டேட் செய்யும் ஆசிரியரிடம் அவர்கள் படித்ததில்லை போலும். இங்கே கையும் சுருக்குவதில்லை.

ஆய்வுக்கு உரியவர்கள் வாங்குவோரே. “நோட்டைக் குடு, நாளைக்குத் தந்துடறேன்” என்பது இவர்களின் மூலமந்திரம். இதிலுள்ள ‘நாளை’ இன்னும் வரையறுக்கப்படாத கால அலகு. எழுதுவோரை இவர்கள் ‘படிப்ஸ்’ என்று ஆண்டு முழுக்கக் கிண்டல் செய்வதும், செமஸ்டர் நெருங்கியதும் டீ வாங்கித் தருவதும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள்.

வாங்கிய நோட்டை ஜெராக்ஸ் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பாக் தம் முறையில் இடப்பக்க ஓரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்கினார். நோட்ஸ் எழுதும் நம் மாணவியோ அங்கே ஸ்டார் போடுகிறாள். சிவப்பு ஸ்டார், கட்டாயம் வரும். நீல ஸ்டார், வந்தாலும் வரும். கடைக்காரர் எடுத்துத் தரும் நகலில் இரண்டும் கறுப்பு. ஆகவே தேர்வுக்கு முந்தின இரவு, பதினோரு மணிக்குமேல் அவளுக்குப் போன் வருகிறது:

“ஏய், தூங்கிட்டியா? மூணாவது யூனிட்ல ரெண்டாவது ஸ்டார்... சிவப்பா, நீலமா?”